பந்து கையில் இல்லாமல் வழியை மறிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோத்தகிரி - மேட்டுப்பாளையம் தடத்தில் அரசுப் பேருந்து நடத்துநர். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளி சாஃப்ட்பால் அணியில் ஆடுகிறாள். போன சனிக்கிழமை டூட்டியை மாற்றிக்கொண்டு அவளுடைய மேட்ச் பார்க்க ஊட்டிக்குப் போயிருந்தேன்.

கடைசி இன்னிங்ஸ். ஓடுகிறவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் (பேஸ்) இரண்டாவதான செகண்ட் பேஸில் இவள். அடித்த பந்து இடது மூலைக்கு உருண்டது, இவள் தேர்டு பேஸுக்கு ஓடினாள். அங்கே நின்ற எதிரணிப் பெண்ணிடம் பந்து இல்லை. ஆனாலும் பாதையை அடைத்துக்கொண்டு நின்றாள். இவள் தயங்கி, சுற்றிக்கொண்டு போவதற்குள் பந்து வந்துவிட்டது. அதைப் பிடித்து அந்தப் பெண் இவளைத் தொட்டாள். அம்பயர் அவுட் கொடுத்தார். கோச் போய்க் கேட்டதற்கு, "பந்தோட தொட்டாச்சுல்ல சார், அவ்வளவுதான்" என்று பதில்.

அவ்வளவுதான் இல்லை. பந்தும் கையில் இல்லை, அடித்த பந்தைப் பிடிக்கவும் போகவில்லை என்றால், ஓடுகிறவரை மறிப்பது அப்ஸ்ட்ரக்‌ஷன். அம்பயர் இடது கையை நீட்டிக் காட்டிவிட்டு ஆட்டத்தை ஓடவிட வேண்டும். அப்புறம் டேக் ஆனாலும், அதாவது பந்தோடு தொட்டுவிட்டாலும், மறிக்காவிட்டால் எந்த பேஸை எட்டியிருப்பாளோ அதை அவளுக்குத் தர வேண்டும். படிக்கட்டில் நின்று வழியை அடைப்பவரை விட்டுவிட்டு, ஏற முடியாமல் நின்ற பாட்டியை நான் இறக்கிவிட்டால் பஸ்ஸில் இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா?

கண்ணால் பார்த்துச் சொல்லும் தீர்ப்பை எதிர்த்துக் கேட்க முடியாது, சரி. ஆனால் விதியையே தப்பாகச் சொன்னால், அடுத்த பந்து வீசுவதற்குள் புரொடெஸ்ட், அதாவது முறைப்படி ஆட்சேபம், சொல்லலாம். எங்கள் கோச்சுக்கு இது நினைவுக்கு வந்தபோது வேன் தொட்டபெட்டா பிரிவைத் தாண்டிவிட்டது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது இன்னிங்ஸில் எங்கள் பெண் ஒருத்தி, தரையில் வந்த பந்தைக் குனிந்து எடுக்கப்போன ஷார்ட்ஸ்டாப் (செகண்ட், தேர்டு பேஸ்களுக்கு நடுவே நிற்கும் எதிரணிப் பெண்) மேல் மோதினாள். பந்தை எடுப்பவரை ஓடுகிறவர் இப்படித் தடுத்தால் அது இன்டர்ஃபியரன்ஸ், ஓடியவள் அவுட். அம்பயர் கவனிக்கவில்லை. எங்களுக்கு ரன் கிடைத்தது, நாங்கள் கைதட்டினோம். நானும்தான்.

அம்பயரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மொத்த ஆட்டத்துக்கும் அவர் ஒருவர்தான். அவர் நிற்பது பந்தை அடிக்கும் இடமான ஹோம் பிளேட்டுக்குப் பின்னால்; அந்த ஹோம் பிளேட்டிலிருந்து செகண்ட் பேஸ் ஏறக்குறைய 85 அடி. மதியம் இரண்டு மணிக்கே மிஸ்ட் இறங்கி, பின்னால் நின்ற பிள்ளைகள் பாதி மறைந்துவிட்டார்கள். பந்து வீசும் பிட்சரின் கையை விட்டுப் பந்து போவதற்கு முன் ஓடுகிறவர் பேஸை விட்டால் அவுட் என்கிறது விதி. வருகிற பந்து ஸ்டிரைக்கா (அடிக்கத்தக்க சரியான வீச்சா) என்று பார்ப்பவர், அதே நொடியில் செகண்ட் பேஸில் இருப்பவளின் காலையும் எப்படிப் பார்ப்பார்?

திரும்பும்போது மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, "அப்பா, நான் அவளை இடிச்சுத் தள்ளிட்டுப் போயிருக்கணுமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப என்ன பண்ணியிருக்கணும்?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போட்டி நடத்துபவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அன்று ஆட்டம் முடிந்த பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் மூன்று நான்கு பேர் பந்தலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் விதி தெரிந்த ஒருவரை இரண்டாவது அம்பயராக உள்ளே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோத்தகிரி