சீட் இல்லாத வண்டியும் தங்கள் துணையாசிரியரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், பெங்களூரு மேம்பாலங்களில் முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்து பிடிபடும் பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையை வரி விடாமல் படித்தேன். கட்டுரையின் நோக்கத்தோடு எனக்குப் பிணக்கு எதுவும் இல்லை. அல்சூர் ஏரிக்கரையில் அதிகாலை நடைக்குப் போகும் எவரும் அந்தப் பிள்ளைகளுக்காக வக்காலத்து வாங்க மாட்டார். ஆனால் கட்டுரையோடு அச்சான படத்தின் கீழ், 'சந்தைக்கு வராத சோதனை ஓட்ட வண்டியில், இருக்கையைக் கழற்றிவிட்டுச் சாகசம் செய்யும் இளைஞர்' என்று ஒரு வரி இருக்கிறதே, அந்த வரிதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

படத்தில் இருப்பது டிரையல்ஸ் பைக். பாறையிலும் சேற்றிலும் காலை ஊன்றாமல் கடக்கும் டிரையல்ஸ் என்ற போட்டிக்கான வண்டி. அதன் இருக்கையை யாரும் கழற்றவில்லை. அது இருக்கை இல்லாமலே பிறந்த வண்டி. ஹெல்மெட்டும் கையுறையும் பூட்ஸும் அணிந்து பாறை விளிம்பில் நின்றபடி இருக்கும் அந்த மனிதரின் பின்னால் மேம்பாலம் எதுவும் தென்படவில்லை. தங்கள் துணையாசிரியர் 'டிரையல்' என்ற சொல்லுக்கு அகராதியில் கைக்கு அகப்பட்ட பொருளைப் போட்டுவிட்டார் போலும். நல்லவேளை, 'நீதிமன்ற விசாரணை வண்டி' என்று போடவில்லை. அந்த மட்டில் அவருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

'சோதனை' என்ற சொல்லில் துளி உண்மை உண்டு என்பதையும் நானே ஒப்புக்கொள்கிறேன். மோட்டார் சைக்கிள் புதிதாக வந்த காலத்தில், மேட்டில் ஏறுமா, பாதி வழியில் படுத்துவிடுமா என்று வண்டியைச் சோதிக்கவே இத்தகைய போட்டிகளை நடத்தினார்கள். 1909இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய ஆறு நாள் டிரையல், இன்றும் மே மாதத்தில் ஃபோர்ட் வில்லியம் ஊரை மையமாகக் கொண்டு நடக்கிறது. பிறகு சோதனைக்கு உள்ளாவது வண்டி என்பது போய், ஓட்டுபவர் என்றாகிவிட்டது. 1964இல் டிரையல்ஸ் வீரர் சாமி மில்லர் ஸ்பெயினின் புல்டாகோ நிறுவனத்துக்குப் போய் ஷெர்பா என்ற எடை குறைந்த டூ ஸ்ட்ரோக் வண்டியை உருவாக்கினார். அடுத்த ஆண்டே அதே ஸ்காட்லாந்துப் போட்டியில் அதை ஓட்டி வென்றார். கனத்த பிரிட்டிஷ் வண்டிகளின் காலம் அத்தோடு முடிந்தது. 1975 முதல் உலக சாம்பியன் போட்டி நடக்கிறது. டோனி போ என்ற ஸ்பெயின்காரர் 2007 தொடங்கி 2024 வரை ஓராண்டும் விடாமல், வெளிக்களம், உள்ளரங்கம் இரண்டிலும் பட்டம் வென்றிருக்கிறார். எந்த விளையாட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் தங்கள் இதழ் அட்டைப்படமே போட்டிருக்கும் என்பது தாங்கள் அறியாததல்ல.

வீலிங்குக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்கிறேன். பாறை, மரக்கட்டை, சேறு, ஓடை ஆகியவற்றின் ஊடே இருபுறமும் நாடா கட்டிய சிறு பாதைக்கு 'செக்‌ஷன்' என்று பெயர். அதில் நடைவேகத்தில், காலை ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி, இருமுறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3, விழுந்தாலோ எல்லை நாடாவைத் தாண்டினாலோ 5. குறைந்த புள்ளி எடுத்தவரே வென்றவர். மேம்பாலத்தில் சாகசம் செய்பவனுக்கு வேகமும் வேண்டும், வேடிக்கை பார்க்கக் கூட்டமும் வேண்டும். டிரையல்ஸ் ஓட்டும் எங்களுக்கு இரண்டுமே இடைஞ்சல். 'இளைஞர்' என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு 61 வயது.

பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். என் முதல் டிரையல்ஸ் வண்டி, பழைய ஆர்எக்ஸ் 100 ஒன்றை அறுத்துச் செய்தது. ஃபுட்ரெஸ்டைக் கீழும் பின்னும் தள்ளி வெல்டு செய்து, பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்கி, நின்றுகொண்டே ஓட்டும்படி ஹேண்டில்பாரை உயர்த்திய அந்த வண்டியைப் பார்த்து என் மாமனார், 'நல்ல வண்டியைக் கெடுத்துவிட்டீர்களே மாப்பிள்ளை' என்றார். இப்போது இருப்பது 250 சிசி ஸ்பெயின் வண்டி, ஊர் திரும்பிய வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவரிடமிருந்து வாங்கியது. எடை 70 கிலோவை ஒட்டி இருக்கும். புல்லட்டோ 190 கிலோவுக்கு மேல். புதிதாக வாங்கக் கூடாதா என்பார்கள். 2025 பட்ஜெட்டில் இத்தகைய வண்டிகளுக்கான சுங்கவரி 50 சதவீதத்திலிருந்து 40 ஆகக் குறைந்த பிறகும், ஓய்வூதியக்காரன் கணக்கில் அது எட்டாத விலைதான்.

வண்டியை ஓட்டும் நேரத்தைவிட அதைப் பேணும் நேரமே அதிகம். ஒவ்வொரு ஞாயிறும் செம்மண் தூசு, என்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஃபோம் ஃபில்டரில் அப்பிக்கொள்ளும். அதைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தோய்த்துப் பொருத்தாவிட்டால் பிஸ்டன் தேய்ந்துவிடும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால், வீடு வந்ததும் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுகிறேன். ஸ்போக்குகளைத் தட்டிப் பார்க்க வேண்டும், லிங்கேஜ் பேரிங்குக்குக் கிரீஸ் வைக்க வேண்டும். ஒருமுறை சோம்பல்பட்டு, பெயர்பெற்ற பட்டறை ஒன்றில் விட்டேன். மினரல் ஆயில் கேட்கும் ஹைட்ராலிக் கிளட்சில் பிரேக் ஆயிலை ஊற்றித் தந்தார்கள். சீல் ஊதிக் கிளட்ச் செத்தது. மாற்று சீல் வந்துசேர ஆறு வாரம் ஆயிற்று. 'இந்த மாதிரி வண்டி எங்களுக்குப் பழக்கமில்லை சார்' என்பதை ஊற்றுவதற்கு முன்பே சொல்லியிருக்கலாம். பஞ்சர் கடைத் தம்பியோ அன்பின் மிகுதியால் 30 பவுண்டு காற்று அடித்து அனுப்புகிறார். டயர் பாறையைத் தழுவிப் பிடிக்க ஐந்து பவுண்டு போதும் என்றால், என் உடல்நலத்தை விசாரிக்கிறார்.

வண்டியைச் சாலையில் ஓட்டுவதில்லை. குட்டி யானையில் ஏற்றிக் கனகபுரா பக்கம், உரிமையாளர் அனுமதித்த ஒரு பழைய கல்குவாரிக்குக் கொண்டுபோகிறோம். இராமநகரப் பாறைகள் எங்களுக்கென்றே செதுக்கி வைத்தவை போல இருந்தாலும், அங்குள்ள இராமதேவர் பெட்டா குன்றில் 2012 முதல் பாறுக் கழுகுகளுக்குச் சரணாலயம் இருப்பதால் அந்தத் திசைக்கே நாங்கள் போவதில்லை. இவ்வளவு ஒழுங்காக இருந்தும், வழியில் போலீஸ் நிறுத்தும்போதெல்லாம், சீட் இல்லாததால் திருட்டு வண்டியாக இருக்குமோ என்று அரைமணி நேரம் விளக்க வேண்டியிருக்கிறது. இப்போது தங்கள் இதழே அது வீலிங் வண்டி என்று படத்தோடு சாட்சி சொல்லிவிட்டது. எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார் என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நான்காண்டுகளுக்கு முன் தாங்கள் டிரையல்ஸையும், மண் தடத்தில் வேகமாக ஓட்டும் பந்தயமான மோட்டோகிராஸையும் ஒன்றாக்கி எழுதியபோதும் ஒரு கடிதம் அனுப்பினேன். அது வெளிவரவில்லை, இடமில்லாமல் போயிருக்கும். கபடிக்கும் சடுகுடுவுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு பக்கம் ஆராய்ந்த தங்கள் விளையாட்டுப் பகுதியில் எங்களுக்கு இரண்டு அங்குலம் கிடைக்காமற்போனது எங்கள் ஊழ் என்று அன்று பேசாதிருந்தேன்.

இப்போது நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இணைப்பிதழில், படத்தில் இருந்தது டிரையல்ஸ் பைக், அதற்கும் கட்டுரைக்கும் தொடர்பில்லை என்று ஒரு வரித் திருத்தம் வெளியிடுங்கள். அதையும் கத்தரித்து, அந்தப் பக்கத்தின் அருகில் நானே ஒட்டிக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு.

பி.கு.: திருத்தத்தில் 'சோதனை ஓட்டம்' என்பதை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் 'வெள்ளோட்டம்' என்று போட்டுவிட வேண்டாம் என்று துணையாசிரியரிடம் சொல்லிவைக்கவும்.