செயலாளரின் ஆண்டறிக்கை: சோலைப் பள்ளமும் ஒரு பலகையும்

தலைவர் அவர்களுக்கும், இந்தச் சாரலிலும் குடை பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன ஆண்டு நான் அறிக்கை வாசிக்கும்போது பாதிப் பேர் காப்பி குடிக்க எழுந்து போய்விட்டார்கள் என்று பொருளாளர் சொன்னார். அதனால் சடங்குகளை முதலிலேயே முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதாமாதம் கூடியது. இரண்டு முறை ஆள் சேராமல் கலைந்தது. சந்தாவைக் கூட்ட வேண்டாம் என்று முடிவு. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சரி, பலகைக்கு வருவோம். இந்த ஆண்டு சங்கம் செய்த வேலையில் முக்கால்வாசி அந்தப் பலகைதான்.

பழனி மலையில், தாண்டிக்குடிச் சாலையிலிருந்து நம் சோலைப் பள்ளத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையின் தொடக்கத்தில் ஒரு தகவல் பலகை வைப்பதென்று முடிவானது. நான்கு வரி போதும் என்றார்கள். எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 'சுண்ணாம்புப் பாறைக் குகைகள் நிறைந்த அடர்ந்த சோலை' என்று முதல் வரியை ஆரம்பித்தேன். செயற்குழுவில் ஒருவரும் மறுக்கவில்லை, பலகையும் நட்டாயிற்று.

மூன்றாவது வாரம் புவியியல் படிக்கும் மாணவி ஒருவர் வந்தார். பலகையைப் படித்துவிட்டு, "இங்கே சுண்ணாம்புக்கல் எங்கே இருக்குங்க ஐயா?" என்று கேட்டார். பாறையில் படிந்திருந்த வெள்ளைத் திட்டுகளைப் பெருமையாகக் காட்டினேன். அவர் ஒரு சில்லை உடைத்து, பையிலிருந்த சின்னப் புட்டியைத் திறந்து, நீர்த்த அமிலம் இரண்டு சொட்டு விட்டார். சுண்ணாம்புக்கல் என்றால் சோடா மாதிரி பொங்க வேண்டுமாம். பொங்கவில்லை. நான் காட்டிய வெள்ளை, பூஞ்சையும் பாசியும் கூட்டாக வாழ்கிற ஓர் உயிர். நம் வீட்டுக் குருமாவில் போடுகிற கல்பாசிக்குச் சொந்தக்காரர்.

பழனி மலையின் பாறை சார்னோகைட். பூமிக்கு வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான கல். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளாக இருந்த ஜாப் சார்னோக்கின் கல்லறைப் பலகை இந்தக் கல்லில் செய்தது. ஹாலண்ட் என்ற புவியியலாளர் அவர் பெயரையே கல்லுக்கும் வைத்துவிட்டார். சுண்ணாம்புக்கல்லுக்கு நீங்கள் அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். ஒருகாலத்தில் கடல் மூடியிருந்த மண் அது. கல்லுக்குள் கடலுயிர்களின் தடம் இருக்கும். அந்தக் கல் மழைநீரின் லேசான அமிலத்தில் கரைந்து கரைந்து குகையாகும். நம்முடையது அப்படிக் கரையாது. நாம் குகை என்று சொல்வதெல்லாம், சரிவில் உருண்டு வந்த பெரும்பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்போது நடுவில் விட்ட சந்து.

பெயின்டரை வரவழைத்து முதல் வரியை அழிக்கச் சொன்னோம். அவர் கையிலிருந்த சுண்ணாம்பை அடித்து அழித்துவிட்டுப் போய்விட்டார். ஆக, இந்தப் பள்ளத்தில் சுண்ணாம்பு இருக்கும் ஒரே இடம் நம் பலகை.

ஒரு வரி தப்பென்று தெரிந்ததும் மற்ற மூன்று வரிகளையும் ஆளாளுக்குத் தோண்ட ஆரம்பித்தார்கள். இரண்டாம் வரி கற்திட்டைகளைப் பற்றியது. மேட்டுப் பாறையில் நாலைந்து பலகைக்கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடி வைத்திருக்கிறதே, அதுதான். சிறுவயதில் அதை நாம் பாண்டவர் வீடு என்றோம். கீழ்த்தெருப் பாட்டி ஒருவர் அதெல்லாம் இல்லை என்கிறார். முன்னொரு காலத்தில் நெருப்பு மழை பெய்யப்போகிறது என்று தெரிந்து, ஒரு முழ உயரக் குள்ளர்கள் கல்லால் வீடு கட்டி உள்ளே போய் அடைத்துக்கொண்டார்களாம். வெளியே வந்தார்களா என்று கேட்டேன். "வந்திருந்தா நாம ஏன்டா இங்கே இருக்கோம்?" என்றார். இதற்கு மேல் என்ன கேட்பது?

தொல்லியல்காரர்கள் சொல்வது வேறு. இவை இரும்புக்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய நினைவிடங்கள். செண்பகனூர் சேசு சபையைச் சேர்ந்த ஆங்லாட் பாதிரியார், நியூட்டன் என்ற இன்னொரு பாதிரியாரோடு சேர்ந்து பழனி மலைக் கற்திட்டைகளை ஆராய்ந்து எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பிற்பாடு பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் தாண்டிக்குடியில் அகழாய்வு செய்தபோது சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் இந்த மலையில் விளையாத கல். யாரோ, எதையோ இங்கிருந்து கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்திருக்கிறார்கள். மிளகாக இருக்கும் என்று நம் மிளகு வியாபாரி உறுப்பினர் அடித்துச் சொல்கிறார். அவர் வேறெதைச் சொல்வார்?

மூன்றாம் வரியில்தான் சண்டை. மாம்பழக் கோபத்தில் கிளம்பிய முருகன் இங்கே வந்து நின்று, இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்தான். தாண்டிக்குதிதான் தாண்டிக்குடி ஆயிற்று. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் இதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. நான் கடைசியில் 'என்பது ஐதீகம்' என்று சேர்த்திருந்தேன். நம் மூத்த உறுப்பினர் ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து, "தம்பி, முருகன் குதிச்சதுக்கு ஐதீகம்னு போட்டே. சுண்ணாம்புப் பாறைன்னு எழுதினப்போ அதுக்கு ஏன் போடலை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கோயில் கதையைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டவர்கள் இங்கே நூறு பேர் இருப்பார்கள். சுண்ணாம்புக் கதையைக் கேட்டவன் நான் ஒருவன்தான், அதுவும் என் வாயாலேயே. 'என்று ஊரார் சொல்வர்' என மாற்றியிருக்கிறோம்.

நான்காம் வரி காடு. இதற்காக நான்கு நடைப்பயணம் திட்டமிட்டோம், மூன்று நடந்தது. ஒன்றை யானை நின்றதால் விட்டுவிட்டோம். நாவல், அத்தி, ஈட்டி, சந்தன வேம்பு என்று குறித்துக்கொண்டே போனோம். ஓடைப் பாறையில் விடியுமுன்னே சீகாரப்பூங்குருவி சீட்டியடித்துக்கொண்டிருந்தது. வேலை வெட்டி இல்லாத பையன் பாட்டுத் தெரியாமல் சீட்டியடிப்பது போல இருக்கும். கேட்காதவர்கள் ஒருநாள் சீக்கிரம் எழுந்து கேளுங்கள். காப்பித் தோட்டங்களில் நாட்டு மரங்களை வெட்டிவிட்டு ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக்கை வரிசையாக வைப்பது கூடிக்கொண்டே போகிறது. மிளகு ஏற அது வசதிதான், நானே வைத்திருக்கிறேன். ஆனால் மலை அணில் கிளைக்குக் கிளை தாவிப் போவது அந்த நாட்டு மரங்களில்தான். அவை நடுவில் அற்றுப்போனால் அணில் தரையில் இறங்க வேண்டும். தரையில் நாய்கள் இருக்கின்றன. ஓரங்களில் உண்ணிச்செடி ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. இரண்டு ஞாயிறு வெட்டினோம். வெட்டிய இடத்திலேயே மறுபடி துளிர்த்து நிற்கிறது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த மழையைச் சோலையின் இலைமக்கு குடித்து வைத்துக்கொண்டு மாசி, பங்குனி வரை கசியவிடுகிறது. கீழே அய்யம்பாளையத்தில் மருதாநதி அணைக்குப் போவது இந்த மலையின் தண்ணீர்தான். அணைப் பாசனத்தில் தென்னை வைத்திருக்கும் அன்பர்கள் சந்தாவாவது கட்டலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

மூன்றாவது நடையில் இந்த மலையின் பழங்குடிகளான பளியர் குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர் கூட வந்தார். காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டி எடுத்தவர், கொடியோடு தலைப்பகுதியை அதே குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மூடினார். அடுத்த மழைக்கு அது மறுபடி கிழங்கு விடும் என்றார். அப்புறம், பாறைச் சந்து ஒன்றின் முன்னால் செருப்பைக் கழற்றச் சொன்னார். உள்ளே பளிச்சியம்மன். எண்ணெய் பூசிய ஒரு கல், வாடிய பூ, அவ்வளவுதான். "இதைப் பலகையிலே எழுதிராதீங்க சாமி" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை. இந்த அறிக்கையிலும் இடம் எதுவென்று சொல்லவில்லை. வந்தவர்களும் சொல்ல வேண்டாம்.

இப்போதைய நிலவரம். புதிய நான்கு வரிக்கும் செயற்குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது. காட்டுமாடு ஒன்று முதுகு சொறிந்துகொண்டதில் கம்பம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து பெயின்ட் வாங்கி வந்தாயிற்று, ஆனால் அந்தப் பெயின்டர் மறுபடி வர மறுக்கிறார். எனவே வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நாமே கம்பத்தை நிமிர்த்தி எழுதப்போகிறோம். கையெழுத்து அழகாக உள்ளவர்கள் அவசியம் வரவும். கடப்பாரை என்னிடம் இருக்கிறது. இந்த மழைக்குப் பாதையில் அட்டை அதிகம். வெற்றிலை போடுகிறவர்கள் கொஞ்சம் சுண்ணாம்பு கொண்டு வரவும்.