செல்வத்துக்கு, வண்டி வாங்கும் விஷயமாக

வள்ளியூர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்கு முழங்கால் தேவலை என்று படித்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், வாய் மட்டும் பழையபடிதான். ஆடிக் காற்று போட்டு வாங்குகிறது. பட்டறைக் கதவைத் திறந்து வைக்க முடியவில்லை.

சரி, வண்டிக்கு வருகிறேன். மேற்கு வர்ஜீனியாவில் அந்த ஹாட்ஃபீல்ட்-மெக்காய் மலைத்தடங்களில் ஓட்ட ஒரு ஏடிவி, அதாவது ஹேண்டில் பிடித்து ஓட்டுகிற நாலு சக்கரக் கரடுமுரட்டுப் பாதை வண்டி, வாங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். யமஹா கோடியாக் 700, பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570, ஹோண்டா ஃபோர்மேன் ரூபிகான். 686, 567, 518 என்று சிசியை வரிசையாகப் போட்டுவிட்டு, பெரியதுதானே நல்லது என்று ஒரு கேள்வி வேறு. நோயாளி எடையைப் பார்த்து மருந்து கொடுக்கிறவன் கேட்கிற கேள்வியா இது? நீ ஏறப்போவது நெடுஞ்சாலை இல்லை. கல்லும் வேரும் சேறுமாகக் கிடக்கிற பாதையில் பாதி நேரம் ஆள் ஓடுகிற வேகத்தில்தான் போவாய். அங்கே 518 சிசியே தாராளம். சாயங்காலம் இறங்கும்போது உன் இடுப்பு உன்னிடம் இருக்குமா என்பதை எஞ்சின் தீர்மானிப்பதில்லை.

முதலில் பின் அச்சைக் குனிந்து பார். சில வண்டிகளில் பின் சக்கரம் இரண்டையும் ஒரே தண்டு பிணைத்திருக்கும். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் பின்பக்கம் முழுக்கச் சாயும், அடி நேராக உன் முதுகெலும்புக்கு வரும். சுமை இழுக்க அது நல்லது, பக்கச் சரிவிலும் வண்டி அதிகம் ஆடாது. ஆனால் உன்னை மாதிரி முதுகு டிஸ்க் தேய்ந்த ஆளுக்கு ஆகாது. சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனி சஸ்பென்ஷன் இருந்தால் கல்லைத் தாண்டுகிற சக்கரம் மட்டும் தூக்கிக்கொடுத்து இறங்கும். நீ எழுதிய மூன்றிலும் தனி சஸ்பென்ஷன்தான். ரூபிகானில் மட்டும் கவனம்: 2015-க்கு முந்தைய பழைய ரூபிகானிலும், ரூபிகான் என்ற பெயர் சேராத வெறும் ஃபோர்மேனிலும் ஒற்றைத் தண்டுதான். மலிவாக இருக்கிறதே என்று அதில் போய் விழாதே.

ஸ்போர்ட்ஸ்மேனின் பின் சக்கரம் ஒன்பதரை அங்குலம் ஏறி இறங்கும். அங்கே வந்திருந்தபோது இரண்டு பேரும் வாடகை வண்டி ஓட்டினோமே, எனக்கு அதில் உட்கார்ந்தது தொட்டில் மாதிரி இருந்தது. ஆனால் வளைவிலும் பக்கச் சரிவிலும் அந்த மென்மையே ஒரு சாய்வைக் கொடுக்கிறது, உடம்பை எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கோடியாக் கொஞ்சம் விறைப்பு. அதே எஞ்சினோடு வருகிற யமஹாவின் இன்னொரு வண்டியான கிரிஸ்லியைவிடத் தாழ்வு, டயரும் சிறியது. அதனால் காலைத் தூக்கிப் போடுவது சுலபம், தரையைக் கவ்வியது போல நிற்கிறது. அறுபதை நெருங்குகிறவனுக்கு இந்தத் தாழ்வு பெரிய வசதி.

அடுத்தது இறக்கம். ஏறுவதற்கு எந்த வண்டியும் ஏறிவிடும். ஈரக் களிமண் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும்; எஞ்சினே பிடித்து நிறுத்த வேண்டும். கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற பல வண்டிகளில் ஆக்சிலேட்டரை விட்டால் பெல்ட் தளர்ந்து வண்டி நியூட்ரல் போல உருளப் பார்க்கும். கோடியாக்கில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள், அதனால் எஞ்சின் பிடிப்பு கடைசிவரை கிடைக்கிறது. ரூபிகானில் பெல்ட்டே கிடையாது. உள்ளே ஐந்து கியர்; ஆட்டோமேட்டிக் ரகத்தில் இரண்டு கிளட்ச், தானாக மாறும். தண்ணீரில் முங்கினாலும் வழுக்க எதுவும் இல்லை. ஒரு மெக்கானிக்காக எனக்கு அதன்மேல்தான் ஆசை. ஆனால் மெதுவாகப் போகும்போது கியர் மாறுவது ஓட்டுகிறவனுக்குத் தெரியும், உனக்கு அது எரிச்சல் தரலாம். ஸ்போர்ட்ஸ்மேனில் இறக்கப் பிடிப்பு ரகத்துக்கு ரகம் மாறும், கடையில் கேட்டுத் தெரிந்துகொள்.

எதை வாங்கினாலும் பவர் ஸ்டீயரிங் உள்ளதாக வாங்கு. முன் சக்கரம் கல்லில் மோதும்போது ஹேண்டில் மணிக்கட்டை முறுக்கும். உன் கை நாளைக்கு ஊசி போட வேண்டிய கை.

உனக்கு ஒரு சங்கதி. திசையன்விளைப் பக்கம் முருங்கைத் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர் இப்படி ஒரு வண்டி வாங்கி வைத்திருக்கிறார். நம் ஊரில் அதைப் பார்க்கத் தெரிந்தவன் நான்தான் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். தேரிச் செம்மண் தெரியுமே, மாவு போல. பனைக்கு நடுவே அந்த மணலில் ஓட்டும்போதுதான் டயர் காற்றின் அருமை புரிகிறது. பைக்குக்கு முப்பது பிஎஸ்ஐ அடிக்கிற இடத்தில் இதற்கு ஐந்திலிருந்து ஏழுதான். ஊதிப்போன டயர் மணலில் குழி தோண்டும், கல்லில் பந்தாகத் துள்ளும். உன் இடுப்புக்கு முதல் ஸ்பிரிங் டயர்தான். கையில் காற்றுமானி வைத்துக்கொள், பெட்ரோல் பங்க் மீட்டரில் அவ்வளவு குறைந்த அளவு சரியாகக் காட்டாது. அந்த வண்டியின் ஏர் ஃபில்டரை இந்தக் காற்றுக் காலத்தில் கழற்றினால் செங்கல் தூள் கொட்டுகிறது. பஞ்சருக்கோ கணக்கே இல்லை: பனங்கருக்கு, உடைமுள், மிச்சத்துக்குச் சீமைக் கருவேலம். உனக்கு அங்கே அந்தத் தொல்லை இருக்காது, சேறுதான். ரேடியேட்டரில் சேறு அப்பிக் காய்ந்தால் எஞ்சின் சூடாகும், ஒவ்வொரு தடவையும் கழுவிவிடு.

மதினியைப் பின்னால் உட்காரவைத்துப் போகலாமா என்று போகிற போக்கில் கேட்டிருந்தாய். கூடாது. இந்த வண்டியில் ஓட்டுகிறவன் உடம்பும் பாதி ஸ்டீயரிங். ஏற்றத்தில் முன்னே சாய வேண்டும், வளைவில் நகர வேண்டும். பின் அச்சுக்கு மேல் ஒரு ஆள் இருந்தால் ஏற்றத்தில் முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும், வண்டி மல்லாந்து ஓட்டுகிறவன் மேலேயே விழும். இரண்டு பேருக்கென்றே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே நீளம் கூட்டிச் செய்த ரகம் தனியாக உண்டு, கேன்-ஆம் அவுட்லேண்டர் மேக்ஸ் மாதிரி. மதினி நிஜமாகவே வருவதாக இருந்தால் உன் பட்டியலையே கிழித்துவிட்டு அந்தப் பக்கம் பார்.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது மாஞ்சோலைக்கு இப்படி ஒன்றில் ஏறலாமே என்ற ஆசையை விட்டுவிடு. அது புலிகள் காப்பகம், மணிமுத்தாறு செக்போஸ்ட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள், அனுப்புவதுதான் நியாயமும். எஸ்டேட்டும் மூடிவிட்டார்கள், உனக்குத் தெரிந்திருக்கும். வேண்டுமானால் முருங்கைத் தோட்டத்துக்காரரிடம் சொல்லி வைக்கிறேன், அவர் வேலிக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றலாம்.

தனியாகத்தான் ஓட்டப் போகிறாய் என்றால் என் கை கோடியாக்கைத்தான் காட்டும். பழைய வண்டியாகப் பார்த்தால் முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார், பேரிங் போயிருந்தால் கையில் தெரியும். அச்சின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே விரலை ஓட்டு. சேற்றுக் கோடு இருந்தால் அந்த வண்டி தண்ணீர் குடித்திருக்கிறது, விலை பேசாமல் வந்துவிடு. முடிவெடுக்குமுன் படம் எடுத்து அனுப்பு, முக்கியமாக அடிப்பக்கம்.

உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ தங்கச்சி மகனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். மதினியிடம் சேர்த்துவிடு, நீ சர்க்கரைக்காரன்.

அன்புடன்,
சண்முகம்