வாஷ் பேசின் மாற்றும் முன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். நாலரைக்கு ஏழடி பாத்ரூமில் 24 இன்ச் அகலம், 18 இன்ச் ஆழத்தில் வாஷ் பேசினுக்கு அடியில் கேபினட் வைக்கக் கேட்டிருக்கிறாய். ஆர்டர் போடுவதை ஒரு வாரம் தள்ளி வை. நம் ஊர் பாத்ரூமில் கேபினட்டின் அளவை முடிவு செய்வது கடைக்காரர் இல்லை. கதவும், கம்மோடும், சுவருக்குள் ஓடும் குழாயும்தான்.

முதலில் கதவை முழுக்கத் திறந்து, அது சுழலும் வளைவைச் சாக்பீஸால் தரையில் வரை. கேபினட்டின் மூலை அந்தக் கோட்டைத் தொடக்கூடாது. கம்மோட்டின் நடுவிலிருந்து கேபினட்டின் பக்கப் பலகை வரை 15 இன்ச்சாவது வேண்டும், இல்லாவிட்டால் உட்காரும்போது முழங்கை இடிக்கும். பேசினுக்கு முன்னால் குனிந்து முகம் கழுவ இரண்டடி. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் உனக்கு 20-லிருந்து 22 இன்ச் அகலம், 14 அல்லது 15 இன்ச் ஆழம்தான் தேறும் என்று நினைக்கிறேன். அந்த அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டியை வெட்டி, அந்த இடத்தில் ஒட்டி, இரண்டு நாள் புழங்கிப் பார். இடிக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். சுவரின் அகலத்தைக் கீழே, நடுவே, மேலே என்று மூன்று இடத்தில் அள. டைல்ஸ் ஒட்டிய சுவர் நேராக இருக்கும் என்று நம்பாதே. மூன்றில் குறைந்த அளவுதான் உன் அளவு.

கேபினட் தரையில் நிற்க வேண்டாம். சுவரில் தொங்கட்டும், அடியில் 10 இன்ச் விட்டு. நம் வீடுகளில் பாத்ரூம் தரையைத் தினமும் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிறோம், கால் வைத்த கேபினட் என்றால் முதலில் அழுகுவது அந்தக் கால்தான். தரையில் ஸ்க்ரூ அடித்தால் வாட்டர்ப்ரூஃப் பூச்சு ஓட்டையாகிக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும். அப்புறம் வரும் சண்டையைச் சொல்லவே வேண்டாம்.

இப்போது பேசினைத் தாங்கி நிற்கும் பெடஸ்டல் தூணைக் கழற்றினால் பின்னால் பழைய ஸ்க்ரூ ஓட்டைகளும், சில சமயம் டைல்ஸே ஒட்டாத பட்டையும் இருக்கும். பில்டர் விட்டுப்போன மிச்ச டைல்ஸ் லாஃப்ட்டில் கிடக்கிறதா பார். பேசின் குழாய்க்குத் தண்ணீர் விடும், சுவரோரத்தில் இருக்கும் சின்ன வால்வுகளான பழைய ஆங்கிள் காக் இரண்டையும் இப்போதே மாற்றிவிடு. வருஷக்கணக்காகத் திருகாமல் உப்பு ஏறிக் கிடப்பவை திருகியதும் கசிய ஆரம்பிக்கும். கேபினட் மாட்டிய பிறகு அதற்காகக் கை நுழைப்பது பெரும்பாடு. கேபினட்டுக்குப் பின்பலகை முழுசாக வேண்டாம். ஆங்கிள் காக் இருக்கும் இடம் திறந்திருக்கட்டும்.

கழிவுக் குழாய்தான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். மடிப்பு மடிப்பாக வரும் பிளாஸ்டிக் ஹோஸைப் போடாதே, ஒவ்வொரு மடிப்பிலும் முடியும் சோப்பும் தங்கும். அதற்குப் பதில் பாட்டில் ட்ராப் போடு, பேசினுக்கு அடியில் குப்பி வடிவில் மாட்டுவது. உள்ளே 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்பதால் நாற்றமும் கரப்பானும் மேலே வராது. அடியைத் திருகிச் சுத்தம் செய்யலாம். அது சுவரில் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இறுக்கமாக இருக்க வேண்டும். வெள்ளை சிமெண்ட் அப்பி மூடினால் ஆறே மாதத்தில் விரிசல் விடும். பேசினின் மேல்பக்கத்தில் தண்ணீர் நிரம்பி வழியாமல் இருக்க ஓவர்ஃப்ளோ ஓட்டை இருந்தால், வடிகால் வாயில் மாட்டும் வேஸ்ட் கப்ளிங் அரைத் திரெட் (பாதி வரை மரை உள்ளது), இல்லாவிட்டால் முழுத் திரெட். மாற்றிப் போட்டால் ஓவர்ஃப்ளோ வேலை செய்யாது, அல்லது தண்ணீர் கேபினட்டுக்குள் ஒழுகும்.

இந்த ட்ராப் பேசினுக்கு அடியில் 10 இன்ச் இடத்தை விழுங்கிவிடும். மேல் டிராயர் வைத்தால் அதை யு வடிவில் வெட்ட வேண்டியிருக்கும், மிஞ்சுவது இரண்டு சின்னப் பெட்டிகள். இரண்டு கதவு வைத்துக்கொள், ட்ராப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டு போதும். மேஜை மேல் கிண்ணம் போல உட்காரும் பேசின் உனக்குப் பிடித்திருக்கிறது, தெரியும். ஆனால் அதன் உயரம் ஐந்தாறு இன்ச், விளிம்பு தரையிலிருந்து 33 இன்ச்சில் நிற்க வேண்டுமென்றால் கேபினட்டின் மேல்பலகையை 27-க்கு இறக்க வேண்டும். உள்ளே இடம் அத்தனையும் போச்சு, குழாயும் உயரமானதாக வாங்க வேண்டும், பின்புறம் அழுக்குத் துடைக்கக் கையும் போகாது. விளிம்போடு ஒரே அச்சில் வார்த்த செராமிக் பேசினே எடு.

மரத்தைப் பற்றி: மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகை வேண்டவே வேண்டாம், ஊறி உப்பிவிடும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட், 18 மில்லிமீட்டர். 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கும் தரம் அது. ஆனால் தண்ணீர் உள்ளே போவது முகப்பு வழியாக இல்லை, வெட்டிய ஓரம் வழியாகத்தான். குழாய்க்கு ஆசாரி போடும் ஓட்டையின் உள்விளிம்பைப் பார், பெரும்பாலும் பூச்சில்லாத வெறும் மரமாகவே விட்டிருப்பார். அங்கே சிலிக்கான் பசை தடவச் சொல். பி.வி.சி. ஃபோம் போர்டு நனைந்தாலும் கெடாது, ஆனால் ஸ்க்ரூ பிடிமானம் குறைவு, கதவு நாளடைவில் தொங்கும். கீல்கள் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். ஆசிட் பாட்டிலைக் கேபினட்டுக்குள் வைக்காதே. மூடி இறுக்கமாக இருந்தாலும் கசியும் புகை கீலையும் ஆங்கிள் காக்கின் குரோம் பூச்சையும் அரித்துவிடும்.

மீதிச் சாமான்களுக்குச் சுவரின் மேல்பகுதியைப் பிடி. பேசினுக்கு மேலே நாலரை இன்ச் ஆழத்தில் கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி, கம்மோட்டுக்கு மேலே ஒரு தட்டு, கதவுக்கு மேலே டிஷ்யூ, சோப்பு கையிருப்புக்கு ஒரு பலகை. தனிக் கண்ணாடியைச் சுவரில் ஒட்டுவதானால் நியூட்ரல் சிலிக்கான் கேட்டு வாங்கு. புளிப்பு வாடை அடிக்கும் வகை கண்ணாடியின் பின்பூச்சைத் தின்றுவிடும்.

துளை போடும்போது ஆங்கிள் காக்குக்கு நேர் மேலும் கீழும், அதே மட்டத்தில் பக்கவாட்டிலும் நாலு இன்ச் பட்டை வரைந்து விலக்கி வைக்கச் சொல். குழாய் அநேகமாக அந்த வழியில்தான் போகும். டைல்ஸைத் தாண்டும் வரை டிரில்லில் ஹேமர் (தட்டிக்கொண்டே துளைக்கும் முறை) போடக்கூடாது, விரிசல் விடும். உன் ஃபிளாட் சுவர் செங்கல்லா, எடை குறைந்த, காற்றறைகள் உள்ள ஏ.ஏ.சி. பிளாக்கா என்று அசோசியேஷனில் கேள். பிளாக் என்றால் ஸ்க்ரூவுக்காகச் சுவரில் செருகும் சாதாரணப் பிளக் நிற்காது, அதற்கென்று விற்கும் ஆங்கர் வேண்டும்.

சுவரோரம் சிலிக்கான் போட்டபின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படக்கூடாது. பிறகு பேசினை விளிம்பு வரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பார். பேப்பர் காய்ந்திருந்தால் பிளம்பருக்கு மீதிப் பணம் கொடு.

அப்பா