கம்பெனிப் படையாக ஓடிய ஆடுகளுக்கும் சேர்த்து

நேற்று சாயங்காலம் பூசணிக்காய் உடைத்துவிட்டோம். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையைப் பற்றிய எங்கள் படத்தின் படப்பிடிப்பு முடிந்தது. பாதியில் சிலர் கையை விரித்ததும், அப்புறம் நீங்கள் எல்லோரும் காசு அனுப்பிக் கைகொடுத்ததும் உங்களுக்கே தெரியும், அதை மறுபடி கிளற வேண்டாம்.

பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரையும் ஆட்களும் பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையை ஆறே நாளில் திரும்பக் கட்டிவிட்டார்கள் என்பார்கள். எங்களுக்கோ ஒரு பக்கச் சுவரை எழுப்புவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. சரி, சுவர் நின்றது, படைக்கு எங்கே போவது? 1801 மார்ச் 31-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் மெக்காலே படை வந்து மோதி அடிபட்டுத் திரும்பிய காட்சிக்கு எங்களிடம் இருந்தது சிவப்புச் சட்டை மாட்டிய முப்பது பேர், அதிலும் பாதிப் பேருக்குக் காலில் செருப்பு.

கண்மாய்க் கரையில் கம்பை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்த, ஆட்டு மந்தை மேய்க்கும் கீதாரி ஐயா ஒருவர் கிட்டே வந்து, "தூரத்துல படை வந்தா ஆளா தெரியும் தம்பி? புழுதிதான தெரியும்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. அன்று ராத்திரி வேறொரு ஊரில் வயலுக்கு உரமாக ஆட்டுக்கிடை போட ஒத்துக்கொண்டிருந்தாராம், அந்தக் கூலியை விட்டுவிட்டு மறுநாள் காலை வரை எங்களுக்காகவே தங்கினார். வெயில் ஏறுமுன் கரைக்கு அந்தப் பக்கம் மொத்த ஆட்டையும் விரட்டி ஓட விட்டார். கரிசல் புழுதி பனை உயரத்துக்கு எழும்பியது, அதற்கு முன்னால் எங்கள் முப்பது பேர். கேமராவில் பார்த்தபோது எனக்கே வயிற்றைக் கலக்கியது. பணத்தை நீட்டினால் வாங்கவில்லை. "ஆடு தெரியாதுல்லா? தெரிஞ்சா ஊர்ல சிரிப்பானுவ" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

வகுப்பறையைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர், கடன் நோட்டை மூடி வைத்த டீக்கடை அண்ணாச்சி, கூலி பேசாமல் தைத்த டெய்லர் அக்கா, தோள்பட்டை வீங்க வீங்கக் கம்பு சுற்றிய சிலம்பப் பிள்ளைகள், நூறும் இருநூறுமாக அனுப்பிய உங்கள் எல்லோருக்கும் கும்பிடு.

மே 24-ல் கோட்டை விழுந்த பிறகு, பிணங்களுக்கு நடுவே குற்றுயிராகக் கிடந்த ஊமைத்துரையைக் காப்பாற்றியது மகனைத் தேடி வந்த ஒரு தாய். என்னை விடு, சாமியைத் தூக்கு என்று சாகக் கிடந்த மகனே சொன்னானாம். தேடி வந்தவர்களிடம் அம்மை கண்டு செத்தவன் என்று அழுது ஏமாற்றியிருக்கிறார்கள். கம்பெனி அதிகாரி வெல்ஷ் இதை எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தாய் பெயர் என்ன? யாருக்கும் தெரியாது. அதனால்தான் எங்கள் படத்தில் உதவியவர் பெயர் ஒன்றுகூட விடாமல் திரையில் போடப்போகிறேன், தியேட்டர்காரர் லைட்டைப் போட்டாலும் சரி.

கீதாரி ஐயாவிடம் போன் கிடையாது. கிடை இப்போது எந்த ஊர்ப் பக்கம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நேரில் போய்க் கூப்பிட வேண்டும். ஆடு தெரியவில்லை என்றும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கிடா மட்டும் ஓரத்தில் தலையை நீட்டுகிறது, அதை எடிட்டர் பார்த்துக்கொள்வார்.