முகூர்த்த நாளில் எங்கள் வாசலை மறிக்கும் வண்டிகள்: போக்குவரத்துக் காவல் ஆய்வாளருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதிப் போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். கல்யாண மண்டபத்துக்கு அடுத்த வீட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவின் கதை உங்களுக்குப் புதிது இல்லை. இரண்டு ஆண்டுகளில் நான்கு மனுக்கள் கொடுத்திருக்கிறேன், நான்குக்கும் ரசீது இருக்கிறது. அதனால் பழைய கதையை மறுபடி எழுதவில்லை. போன ஆவணியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன், அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

என் அப்பாவுக்கு 74 வயது. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து மூன்று ஆண்டுகளாக டயாலிசிஸ் நடக்கிறது. செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறரை மணி ஷிப்ட். சர்க்கரை நோயில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாயிற்று, சக்கர நாற்காலிதான். வீட்டுப் பக்கவாட்டில் இருக்கும் கார் பாதை வழியாக நாற்காலியைத் தள்ளி வந்து, கேட்டுக்குள்ளேயே காரில் ஏற்றி, வெளியே எடுப்போம். வேறு வழி கிடையாது. பக்கத்திலுள்ள சின்னக் கேட்டுக்கு இரண்டு படி, அகலம் இரண்டு அடி.

அன்று ஒரு வியாழன், வளர்பிறை முகூர்த்தம். ஆறு மணிக்கு அப்பாவை வெளியே கொண்டு வந்தேன். பெரிய கேட்டை முழுவதுமாக மறித்து ஒரு வெள்ளைக் கார் நின்றது. சின்னக் கேட்டின் முன்னால் ஐந்தாறு டூவீலர்கள். காரின் கண்ணாடியில் தொலைபேசி எண் இல்லை. ஹாரன் அடித்துப் பார்த்தேன், யாரும் வரவில்லை. மண்டபத்துக்குள் ஓடினேன். வண்டி எண்ணைச் சீட்டில் எழுதி மைக் வைத்திருந்தவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு தடவை அறிவித்தார். நாதஸ்வரச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டதற்கு, "தாலி கட்டி முடியட்டும்மா, அப்புறம் சொல்றேன்" என்றார். முகூர்த்தம் ஏழு மணிக்கு மேல்.

அக்கம்பக்கத்தார் நல்லவர்கள். நான்கு பேர் வந்து அப்பாவைத் தூக்கி வெளியே கொண்டு போகலாம் என்றார்கள். அப்பாவின் இடது கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடம் அது. அந்தக் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, அழுத்தக்கூடாது, ரத்த அழுத்தம்கூட அந்தக் கையில் பார்க்கமாட்டார்கள். தெரியாதவர்கள் அவசரத்தில் தூக்கும்போது முதலில் பிடிப்பது கையைத்தான். வேண்டாம் என்று நானே தடுத்தேன். அப்பா கேட்டுக்கு உள்ளே, நாற்காலியில், மடியில் போர்வையும் கைப்பையுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். வழியில் போகிற வருகிற கல்யாணக் கூட்டம் அவரைப் பார்த்துக்கொண்டே போனது. அவர் யாரையும் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

கார்க்காரர் ஏழே காலுக்கு வந்தார். பட்டு வேட்டி, கையில் தாம்பூலப் பை. "பத்து நிமிஷம்தானே ஆச்சு" என்றார்.

டயாலிசிஸ் மையத்துக்குப் போய்ச் சேரும்போது ஏழு ஐம்பது. அடுத்த நோயாளிக்கு 11 மணிக்கு அதே இயந்திரம். அவரையும் காத்திருக்க வைக்க முடியாது, அவரும் இதே நிலையில் இருப்பவர்தானே. நான்கு மணி நேரம் ஓட வேண்டிய டயாலிசிஸ் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்தது. உடலில் சேர்ந்த நீரை அவசரமாக எடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும், தசை பிடித்துக்கொள்ளும் என்பதால், மூன்று கிலோ எடுக்க வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்தினார்கள். மீதி உடம்பிலேயே நின்றது. அன்று இரவு அப்பாவால் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது. இரண்டரை மணிக்கு 108-ஐ அழைத்தேன். கல்யாணம் முடிந்து வாசல் காலியாக இருந்ததால் ஆம்புலன்ஸ் கேட் வரைக்கும் வந்தது. ராத்திரி ரிசப்ஷன் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

காலை 6.10-க்கே கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். மரியாதையாகப் பேசினார்கள். காவலர் எட்டரை மணிக்கு வந்தாராம். அந்தக் காருக்கு அப்புறம் வந்து நின்ற இன்னொரு காரைப் படம் எடுத்து, 500 ரூபாய் அபராதம் போட்டுவிட்டுப் போனார் என்று எதிர்வீட்டு மாமி சொன்னார். அந்தக் காவலரைக் குறை சொல்லவில்லை. முகூர்த்தக் காலையில் அவர் எத்தனை தெருவைப் பார்ப்பார்? ஆனால் அபராதம் வாசலைத் திறக்காது ஐயா. வண்டி நகர்ந்தால்தான் வாசல் திறக்கும்.

நான் கேட்பது ஒன்றுதான். முகூர்த்த நாட்களில் காலை ஐந்து மணி முதல் பத்து மணி வரை எங்கள் தெருவில் ஒரு காவலரை நிறுத்துங்கள், கூப்பிட்டால் வரும் தூரத்தில் ஓர் இழுவை வண்டியை வையுங்கள்.

சட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் நான்கு மனு எழுதியதில் நானும் படித்துவிட்டேன். ஒரு வளாகத்தின் வாசலை மறித்து வண்டி நிறுத்தக்கூடாது என்பது 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளிலேயே இருந்தது, அவற்றுக்குப் பதிலாக 2017-இல் வந்த விதிகளிலும் உண்டு. நிறுத்தத் தடையுள்ள இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவோ, சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ, சீருடையில் இருக்கும் அந்தப் பகுதிக் காவல் அதிகாரி உத்தரவிடலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 127 சொல்கிறது. அதிகாரம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த ஆள்தான் அந்த நேரத்தில் அங்கே இல்லை.

முன்னறிவிப்பு இல்லாமல் வரும் தொல்லை என்றால் நானும் பொறுத்துக்கொள்வேன். இது அப்படியா? எந்த நாளில் எங்கள் வாசல் அடைபடும் என்று வீட்டுத் தினசரிக் காலண்டர் ஒரு வருஷம் முன்பே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. முகூர்த்த நாளில் பத்திரப்பதிவு அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் கொடுக்கிறார்கள். வெளியூர்களுக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். கூட்டம் வரும் என்று அரசாங்கத்துக்குத் தெரிகிறது, அதற்கு ஏற்பாடும் செய்கிறது. அந்தக் கூட்டம் வண்டியை எங்கே நிறுத்தும் என்று மட்டும் ஏன் யாரும் யோசிப்பதில்லை?

தெருவை எங்களுக்குச் சொந்தம் என்று நாங்கள் நினைக்கவில்லை. வீட்டு முன்னால் சொந்தமாக நோ பார்க்கிங் பலகையும் மணல் மூட்டையும் வைக்கக்கூடாது என்று 2023 இறுதியில் சென்னையில் அறிவிப்பு வந்ததும், எங்கள் பூந்தொட்டிகளை அன்றைக்கே உள்ளே எடுத்து வைத்தோம். சுவரோரமாக யார் வண்டி நிறுத்தினாலும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நாங்கள் கேட்பது கேட்டின் அகலம், பத்து அடி.

அதற்கு உள்ளேயும் வருகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தண்ணீர் லாரிக்காகக் கேட்டைத் திறந்து வைத்திருந்தோம். லாரி போய், நான் மோட்டார் போட்டுவிட்டு வருவதற்குள் எங்கள் கார் பாதையில் ஒரு காரும் மூன்று பைக்குகளும் நின்றன. கேட்டால், "மண்டபத்து பார்க்கிங்னு நினைச்சோம்" என்றார்கள். உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தபோது, உள்ளே நின்றால் அது தனியார் இடம், சட்டம் ஒழுங்கு காவல் நிலையத்தில் சொல்லுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால், வண்டி விஷயம் என்றால் டிராபிக்கில் சொல்லுங்கள் என்றார்கள். அன்று ராத்திரி பத்தரை வரை எங்கள் வீட்டுக்குள் யாருடைய வண்டியோ நின்றது.

இதில் மண்டபத்தின் பங்கு பெரியது. எண்ணூறு பேர் உட்காரும் மண்டபத்தில் இருபது கார்தான் நிற்கும். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் புதிய மண்டபங்கள் தங்கள் இடத்திலேயே வாகன நிறுத்தம் ஒதுக்க வேண்டும் என்கின்றன. பழைய மண்டபங்களுக்கு யார் சொல்வது? வாடகைக்குள் ஏசியும் ஜெனரேட்டரும் சமையல் பாத்திரமும் அடக்கம், வண்டி நிறுத்த இடம் மட்டும் தெருவுடையது. இதில் உங்களால் செய்யக்கூடியதும் செய்ய முடியாததும் கலந்திருப்பது எனக்குத் தெரியும். மாநகராட்சிக்கு எழுத வேண்டியதை அவர்களுக்குத் தனியாக எழுதிக்கொள்கிறேன். கோபத்தில் உங்களிடம் கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்கவும்.

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மேல் எனக்கு விரோதம் இல்லை. என் கல்யாணமும் அதே மண்டபத்தில்தான் நடந்தது. அப்பா வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பன்னீர் தெளித்து வரவேற்றார். இப்போது அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான தண்ணீர்தான் அனுமதி. சின்ன பாட்டிலில் அளந்து வைத்துக் குடிக்கிறார். போன ஆவணிக்குப் பிறகு ஒரு புதுப் பழக்கம். மறுநாள் டயாலிசிஸ் என்றால் ராத்திரியே காலண்டரைப் பார்க்கச் சொல்கிறார். "நாளைக்கு முகூர்த்தமாம்மா?" என்று கேட்பார். ஆமாம் என்றால், குடிக்க எடுத்த தண்ணீரைக் குடிக்காமல் மூடி வைத்துவிடுகிறார். நாளைக்கு நேரம் குறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஆடியிலும் மார்கழியிலும்தான் நிம்மதியாகக் குடிக்கிறார்.

ஆகவே மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். முகூர்த்த நாட்களில் காலை ஐந்து முதல் பத்து வரை ஒரு காவலர், கூப்பிட்டால் வரும் ஓர் இழுவை வண்டி. தினமும் வேண்டாம். மண்டபத்தாரை அழைத்து, முகூர்த்தத்துக்கு முன்பும் வண்டி எண்ணை மைக்கில் அறிவிக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதுவும் உதவும். நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

தை மாதம் தொடங்கி ஆனி வரைக்குமான முகூர்த்த நாட்களைக் காலண்டரிலிருந்து எழுதி இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். அவற்றில் அப்பாவின் டயாலிசிஸ் நாட்களில் வருபவற்றைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன். எல்லா நாளுக்கும் ஆள் இல்லையென்றால், வட்டமிட்ட நாட்களுக்கு மட்டுமாவது அனுப்புங்கள். ஆறு மணிக்கு நாங்கள் கேட்டைத் திறப்போம்.

இப்படிக்கு,
மண்டபத்துக்கு அடுத்த வீட்டில் வசிக்கும் ஒரு மகள்