மாத்திரையை எங்க வைக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராமேஸ்வரத்துல ரயில்வே ஸ்டேஷன் போற ரோட்டுல 17 வருஷமா டீக்கடை வச்சிருக்கேன். போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, அக்னி தீர்த்தக் கரையிலயும் பஸ் ஸ்டாண்டுலயும் சுத்திக்கிட்டு இருக்க மனநிலை பாதிச்சவங்கள அப்புறப்படுத்தணும்னு. குப்பையைத்தான் சார் அப்புறப்படுத்துவாங்க. சரி அவரு கோவத்துல எழுதிட்டாரு, விடுங்க. ஆனா எங்க கொண்டுபோய் விடுறதுன்னு அவரும் எழுதல, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

எங்க ஊரு லைன்ல கடைசி ஸ்டேஷன். இதுக்கு மேல தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளம் 1964 புயலோட போச்சு. அதனால காசி, அயோத்தி பக்கத்துல இருந்து வர்ற ரயில்ல ஏறி எங்க இறங்குறதுன்னு தெரியாம வர்றவங்க கடைசியில இங்கதான் இறங்குறாங்க, சில பேரை வீட்டு ஆளுங்களே கூட்டிட்டு வந்து கோயில் கூட்டத்துல விட்டுட்டு நைசா ரயில் ஏறிடுறாங்க. பாம்பன் பாலம் மூடிக் கிடந்துச்சே, 2022 டிசம்பர்ல இருந்து 2025 ஏப்ரல் வரைக்கும், ரயிலெல்லாம் மண்டபம் ராமநாதபுரத்தோட நின்னுச்சு, அப்போ என் கடைப்பக்கம் இந்த மாதிரி புது முகம் ரொம்ப கொறைஞ்சு போச்சு. பாலம் திறந்ததும் திரும்ப ஆரம்பிச்சிருச்சு.

சாப்பாட்டுக்கு இங்க பஞ்சமே இல்ல, யாராவது பொட்டலம் கொடுத்துக்கிட்டேதான் இருப்பாங்க. படுக்க இடம்தான் கிடையாது.

ஒருத்தரைப் பத்தி சொல்றேன், பேரு வேண்டாம். தொண்டி பக்கம், முன்னாடி விசைப்படகுல டிரைவரா இருந்தவரு, காதுல யாரோ ஏசிக்கிட்டே இருக்காங்கன்னு சொல்லி கடலுக்குப் போறதை விட்டு, பொண்டாட்டி தாய் வீட்டுக்குப் போயி, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கையில இவருக்கு ஒண்ணுமில்லாம போயி இங்க வந்து சேந்தவரு. ஒரு தடவை அரசு ஆஸ்பத்திரியில சேத்து நாப்பது நாள் கழிச்சு வெளிய விட்டாங்க. ஆளே மாறிட்டாரு, ஷேவ் பண்ணி, சட்டை பட்டன் எல்லாம் ஒழுங்கா போட்டு, என் கடையில வந்து காசு கொடுத்து டீ குடிச்சாரு. ஒரு மாச மாத்திரை கையில, அன்னைக்கு ராத்திரி படுத்தது பழைய இடம், பஸ் ஸ்டாண்டு.

ஐப்பசி மழையில மாத்திரை கவர் நனைஞ்சு உள்ள எல்லாம் கரைஞ்சு மாவு மாதிரி ஆயிருச்சு, சீட்டுல எழுத்தே இல்ல. அடுத்த மாச மாத்திரையை நான் பிஸ்கட் பாட்டில்ல போட்டு கடையில வச்சுக்கிட்டேன். அப்பவும் அவரு ஒழுங்கா போடல. ஏன்ணேன்னு கேட்டேன். "அதைப் போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுறேன் தம்பி. தூங்குனா போர்வை போயிருது, செருப்பு போயிருது, போலீஸ் எழுப்புனா எந்திரிக்க முடியல, லத்தியில வாங்குறேன்"னாரு. எனக்கு பதில் சொல்லத் தெரியல சார். தூக்கம் வர்ற மாத்திரையைக் கொடுத்து தூங்க முடியாத இடத்துக்கு அனுப்புறோம், அப்புறம் மாத்திரை ஒழுங்கா போடலைன்னு அவரை திட்டுறோம். மூணு வாரத்துல காதுல ஏச்சு திரும்பிருச்சு. இது மாதிரி ரெண்டு வருஷத்துல மூணு தடவை ஆஸ்பத்திரி. அந்தச் செலவுக்கு ஒரு ரூம் வாடகை எத்தனை மாசம் கட்டியிருக்கலாம்.

தலைகீழாவும் நடக்கும், வீடு போயி மனசு கெடுறது. எங்க அப்பத்தா தனுஷ்கோடிக்காரங்க. புயல்ல வீடு போனதுக்கப்புறம் தங்கச்சிமடத்துல ஓலைக் கொட்டாய்ல இருந்தப்போ மாசக்கணக்கா யார்கிட்டயும் வாய் திறக்கலயாம், காத்தடிச்சா எந்திரிச்சு ஓடுவாங்களாம். திரும்ப சொந்தமா கதவு வச்ச வீடு வந்தப்புறம்தான் பேச ஆரம்பிச்சாங்கன்னு அப்பா சொல்வாரு.

நம்ம மாவட்டத்துக்கு இது புதுசும் இல்ல. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில மனநிலை பாதிச்சவங்களை வச்சிருந்த ஒரு இல்லத்துல தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டிப் போட்டிருந்த 28 பேர் ஓட முடியாம கருகினாங்க. அதுக்கப்புறம் அந்த மாதிரி இல்லங்களை இழுத்து மூடினாங்க. மூடுனது சரிதான், ஆனா அந்த ஜனங்களுக்கு பதிலா என்ன வீடு கட்டினோம்?

சட்டம் நல்லாத்தான் இருக்கு. மதுரையில சமூகப்பணி படிக்கிற என் மருமகன் (தங்கச்சி மகன்) எடுத்துக் காட்டினான். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல சங்கிலி போடுறதுக்குத் தடை, வீடில்லாதவங்களுக்கு வறுமைக்கோட்டு கார்டு இருந்தாலும் இல்லாட்டியும் வைத்தியம் இலவசம், தெருவுல திரியிறவங்களை போலீஸ் லாக்கப்புல வைக்காம 24 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும். வீடில்லைங்கிற ஒரே காரணத்துக்காக யாரையும் ஆஸ்பத்திரியில வச்சிருக்கவும் கூடாது, அரசாங்கம் குழு வீடுகள் ஏற்பாடு பண்ணிக் கொடுக்கணும். இதுல கடைசி வரியை மட்டும் எங்க ஊருல நான் பாக்கல.

நைட் ஷெல்டர் 1 லட்சம் பேருக்கு ஒண்ணுன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க. 2011 கணக்கெடுப்புல எங்க ஊரு 45 ஆயிரம்கூட தாண்டல, வந்து போற யாத்திரை கூட்டத்தை யாரு எண்ணுறா. அப்படியே கட்டினாலும் ராத்திரி படுத்துட்டு காலையில பையைத் தூக்கிட்டுப் போற இடம் வீடு ஆகாது. அட்ரஸ் இல்லாம ஆதார் வாங்குறது கஷ்டம், ஆதார் இல்லாம பேங்க் அக்கவுண்ட் கஷ்டம், அது இல்லாம மாசா மாசம் வர்ற ஊனமுற்றோர் உதவித்தொகையும் கஷ்டம்.

சென்னையில 1993-ல ஆரம்பிச்ச பேனியன் அமைப்பு, குணமாகியும் போக்கிடம் இல்லாதவங்களுக்கு சாதாரண தெருவுல வீடு வாடகைக்கு எடுத்து நாலஞ்சு பேரா குடி வைக்கிறாங்க, ஹோம் அகெய்ன்னு பேரு. சமைக்கிறது, மார்க்கெட் போறது எல்லாம் அவங்களே. கனடாவுல அஞ்சு ஊருல, மனநிலை பாதிச்சு வீடில்லாம இருந்த 2,000 பேருக்கு மேல வச்சு சோதிச்சுப் பாத்திருக்காங்க, முதல்ல வீட்டுச் சாவியைக் கொடு, வைத்தியம் கூடவே வரட்டும்னு. அப்படி சாவி வாங்குனவங்கதான் அதிகமா வீட்டுல நிலைச்சு இருந்திருக்காங்க.

இதெல்லாம் அரசாங்கத்தைச் சொல்ற மாதிரி இருக்கும். ஆனா எங்க மேலயும் தப்பு இருக்கு. போன வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்துக்காரங்க குணமான நாலு பொம்பளைங்களுக்கு வீடு கேட்டு எங்க தெருவுக்கு வந்தாங்க, வாடகை அட்வான்ஸ் எல்லாம் கொடுக்க ரெடி. ஒருத்தரும் கொடுக்கல. எனக்கும் பின்னாடி ஒரு லைன் வீடு இருக்கு, அப்போ ஆள் இருக்காங்கன்னு சொல்லித் தப்பிச்சிட்டேன். உண்மையில அது பூட்டித்தான் கிடந்துச்சு.

இப்போ அதுல இருக்க படகுக் கம்பெனி பசங்க இந்த மாசத்தோட காலி பண்றாங்க. அந்த அண்ணனுக்கும் அவரை மாதிரி இன்னும் ரெண்டு பேருக்கும் கொடுக்கலாம்னு இருக்கேன், மாத்திரை கொடுக்க, வந்து பாக்க மாவட்ட மனநலத் திட்டத்துல இருந்து ஆள் அனுப்புவாங்களான்னு மனு எழுதிப் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல. வீட்டுல இன்னும் சம்மதிக்கல, "நீங்க டீ கொடுங்க, அதோட நிறுத்திக்கோங்க"ங்கிறா. பேசிக்கிட்டு இருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு டீக்கடைக்காரர்,
ராமேஸ்வரம்.